ஏழாவது தடவை

தவக்காலம் தொடங்கி மூன்றாவது வாரம், இருதயசாமியின் தாடி கழுத்தை மறைத்துவிட்டது. தண்டலம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் அவன் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறவன். முப்பத்து மூன்று வயது. விரிவுரையாளர்தான் என்றாலும் அங்கே எல்லாரையும் புரொபசர் சார் என்றே கூப்பிடுவார்கள். அன்று கடைசி பெஞ்சிலிருந்து அருள்பாண்டி என்ற பையன் எழுந்து, "சார், லவ் பெயிலியரா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. சிரிப்பு ஓய்ந்தது. அருள்பாண்டி நின்ற இடத்திலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

இருதயசாமிக்குக் கோபமும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை. உட்காரச் சொன்னான். கம்பெனி மேலாளருக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது எப்படி என்பது அன்றைய பாடம். வருத்தம் தெரிவிக்க ஆங்கிலத்தில் தேய்ந்துபோன சொற்றொடர் ஒன்று உண்டு. அதைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டான். நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

தாடி, நாடகத்துக்காக. ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் சூசைபுரம். அங்கே பெரிய வெள்ளியன்று மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கா நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம். அதை நடத்துவது அவன் மாமனார் யாக்கோபு வகையறா. ஊரார் பார்க்கலாம், அழலாம், மோர் ஊற்றலாம். வேஷம் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு. யாக்கோபு ஆளுநர் பிலாத்து, அவர் தம்பி தலைமைக் குரு கயபா. இயேசு வேஷத்துக்கு வீட்டு ஆண்பிள்ளை வேண்டும், முப்பத்து மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. யாக்கோபுக்குப் பெற்றதெல்லாம் பெண். அதனால் மருமகன். மாதா வேஷம் மூத்தவள் கிளாராவுக்குப் பதினாறு வயதிலேயே வந்துவிட்டது. ஆகக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து, சிலுவையிலிருந்து இறக்கிய புருஷனைப் பெண்டாட்டி மடியில் போட்டுக்கொண்டு மகனே என்று அழுவாள். "கட்டினவனையே புள்ளையாக்கிட்டாடி" என்று ஊர்ப் பெண்கள் அவளைக் கேலி பேசுவார்கள். அவளும் விட மாட்டாள். "உங்க வூட்ல மட்டும் இன்னாவாம்? சோறு ஊட்டாததுதான் பாக்கி" என்பாள்.

கம்பெனிகள் வரத் தொடங்கியபின் ரோட்டில் லாரிச் சத்தம் ஓயவில்லை. மேடையில் பேசுவது முதல் வரிசைக்கே கேட்காமல் போனது. யாக்கோபு ஒரு வழி செய்தார். வசனம் முழுவதையும் முன்கூட்டியே கேசட்டில் பதிந்துவிடுவது, நாடகத்தன்று ஸ்பீக்கரில் போடுவது, நடிப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பது. நான்கைந்து வருஷமாக அதுதான் நடைமுறை.

போன வருஷம் பதிவு நடந்த அன்று யாக்கோபுக்கு ஷிப்ட் வேன் ஓட்டும் வேலை இருந்தது. நீங்களே பார்த்துக்கோங்க மாப்ள, படிச்சவர்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோயில் பள்ளிக்கூட அறை. சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். மார்ச் வெயில் ஓட்டுக்கு மேலே காய்ந்தது. கிளாராவின் தங்கை ஜெர்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளாரா ஒரு பால்வாடி டீச்சர். எழுதி வைத்துப் பேசத் தெரியாது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எடுப்பில் ஒப்பாரி வைத்தாள். "ஐயோ எங்கண்ணு, இன்னாடா பண்ணிட்டானுங்க உன்ன. காலைல துன்னுட்டுப் போன்னு சொன்னேனேடா." ஜெர்சி மைக்கை மறு கைக்கு மாற்றிப் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இருதயசாமிக்கு அது பிடிக்கவில்லை. இங்கே வருமுன் ஐந்து வருஷம் கலைக்கல்லூரியில் துன்பியல் நாடகம் நடத்தியவன் அவன். துக்கம் பெருகும் இடத்தில் சொல் குறைய வேண்டும் என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தான். அவனுடையதல்ல, எந்த உரைநூலிலோ படித்தது. சொல்லிச் சொல்லித் தன்னுடையதாகவே ஆகிவிட்டது. கிளாராவிடமும் சொன்னான். மாதா தெருச் சண்டை போடுகிற மாதிரி அழக்கூடாது, இன்னா என்ற சொல்லே வரக்கூடாது என்றான். ஒரு தாளில் அவனே எழுதிக் கொடுத்தான். 'என் அருமை மகனே, உன்னை இந்நிலையில் காணவோ நான் உயிர் சுமந்தேன்' என்று தொடங்கி எட்டு வரி.

இருந்தது ஒரே கேசட். ஒவ்வொரு தடவையும் பின்னால் ஓட்டி அதன்மேலேயே பதிந்தார்கள். இரண்டாவது தடவை வேகம் என்றான். மூன்றாவதில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான்காவது, ஐந்தாவது. ஆறாவதில் 'காணவோ' என்பதைக் கேள்வியாகச் சொல்லிவிட்டாள். முகமெல்லாம் வேர்வை வழிந்தது. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஏழாவது தடவை எட்டு வரியும் வழுக்கிக்கொண்டு போயின. முடித்ததும் நிமிர்ந்து அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாங்க, இப்பவாச்சும் சரியா வந்துச்சா?"

டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் பதிவாகிவிட்டது.

பெரிய வெள்ளியன்று அது நாறியது. அவன் அவள் மடியில் கிடக்கிறான், ஸ்பீக்கரில் அவளுடைய எட்டு வரி போகிறது, மைதானத்தில் ஒரு கண்ணும் கசியவில்லை. மோர் விநியோகம்தான் நடந்தது. ஒப்பாரி முடிந்ததும் கயபாச் சித்தப்பா டேப்பை நிறுத்த இரண்டு நொடி தாமதித்துவிட்டார். மரித்த மகனைக் குனிந்து பார்க்கும் மாதாவின் குரலில், நான்கு திசையிலும் ஸ்பீக்கர் கட்டிய ஊருக்கு, "இன்னாங்க" என்று கேட்டது. பிறகு மைதானம் சிரித்தது பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. செத்துக் கிடந்த அவனுக்குத் தன் தலைக்குக் கீழே அவள் வயிறு குலுங்குவது தெரிந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு 'இன்னாங்க மாதா' என்று பெயர். தண்ணீர் பிடிக்கப் போனால்கூட, மாதா வந்துட்டாங்க, வழி விடுங்கடி என்பார்கள். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்திருக்கும். இருதயசாமிக்கு மானம் போய்விட்டது. காலேஜிலிருந்து இரண்டு பேர் நாடகம் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மே மாதம் கிளாரா வாலாஜாபாத்தில் பால்வாடி மீட்டிங் முடிந்து வரும்போது, கன்டெய்னர் லாரி அவள் வந்த ஷேர் ஆட்டோவில் மோதியது. அவ்வளவுதான்.

அடக்கத்திலும் அதற்கப்புறமும் அவன் அழவில்லை. கல்லுப் பிள்ளையார்கூட எண்ணெய் வைத்தால் கசியும் என்று காலேஜ் ஆயா யாரிடமோ சொன்னது அவன் காதிலும் விழுந்தது. அவன் தலைக்குள் ஒரே ஒரு விஷயம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்பவாச்சும் சரியா வந்துச்சா என்று அவள் கேட்டது முழுதாக நினைவிருந்தது. அதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது நினைவில்லை. நல்லா வந்தது என்றானா? ஒருவேளை சொல்லியிருக்கலாம். ஏழாவதோடு நிறுத்தினார்களே, அப்படியானால் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருஷக் கல்யாணத்தில் வேறெப்போதாவது அவளிடம் நல்லா இருக்கு என்று சொன்னதுண்டா என்று தேடினான். குழம்பைப் பற்றிச் சொல்லியிருந்தான். இந்த ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தான். அது கேசட்டில் இருந்தது, அவள் கேள்விக்கு அடுத்து. மகளின் குரலுக்கு முன்னால் தன்னால் நிற்க முடியாது என்று சொல்லி, யாக்கோபு அந்தக் கேசட்டைக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பிப்ரவரியில் யாக்கோபு தண்டலத்துக்கு அவன் அறைக்கு வந்தார். வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார். மாப்ள உடம்பு எளைச்சிக்கினே போவுதே என்றார். ஜெர்சி வயரிங் கம்பெனியில் லைன் லீடர் ஆகிவிட்டாள் என்று, கேட்காமலே சொன்னார். அந்தப் பேச்சு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். அக்காள் போனால் தங்கை. அதனாலேயே ஒன்பது மாதமாக அவன் ஜெர்சி இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் அவர் அன்று வந்தது நாடகத்துக்காக.

"இந்த ஒரு வருசம் பண்ணிக் குடு மாப்ள. அடுத்த வருசம் உனக்கு வயசு தாண்டிடும். மாதாவுக்கு ஜெர்சி நிப்பா. வாய மட்டும் அசைக்கட்டும். கொரலுதான் கீதே."

"எந்தக் குரல்?"

"கிளாராதுதான். வேற ஏது?"

இருதயசாமி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். செய்கிறேன், நாடகம் முடிந்ததும் அந்தக் கேசட் எனக்கு வேண்டும் என்றான். யாக்கோபு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது கோயில் பொருள் மாதிரி என்று இழுத்தார். பிறகு, அவ பொருள் உனக்கில்லாம யாருக்கு, எடுத்துக்கோ என்றார். இப்போதே ஒரு தடவை கேட்கலாமா என்றதற்கு, அது கேபிள்காரரிடம் இருக்கிறது, இரைச்சல் வருகிறதென்று சரிபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றார்.

கேபிள்காரர் நம்பிராஜன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, வேலை பிடிக்காமல் டிஷ் போட்டவர். ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பையன்கள் எல்லாம் அவருக்குச் சந்தாதாரர்கள். உள்ளூர் சானல் ஒன்றும் வைத்திருந்தார். பாதி நேரம் சினிமாப் பாட்டு, மீதி நேரம் பேச்சி மெஸ் விளம்பரம். இந்த வருஷப் பாஸ்காவைப் படம் பிடித்து அன்று சாயங்காலமே போடப்போவதாக ஒரு வாரமாகப் பாட்டுக்குக் கீழே எழுத்து ஓடவிட்டிருந்தார். தண்டலத்து டீக்கடையில் இருதயசாமி அதைப் பார்த்தான். 'மறைந்த கிளாரா அவர்களின் கண்ணீர்க் குரலில்.' மேலே ஒரு கதாநாயகி மழையில் ஆடிக்கொண்டிருந்தாள். டீயை வைத்துவிட்டு வெளியே வந்தான். துக்கம் பெருகும் இடத்தில் சொல் குறைய வேண்டும் என்று மாணவர்களுக்கு எழுதிப்போட்டவனுக்கு அந்த ஐந்து சொல் போதுமானதாக இருந்தது.

பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. இரண்டாவது ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் யூனிபார்மோடு நின்றார்கள். வல்லக்கோட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். போன வருஷத்தைப்போல இரண்டு மடங்கு கூட்டம். பிலாத்து கை கழுவினார். சித்தப்பா பிள்ளைகள் சாட்டை வீசினார்கள். இருதயசாமி சிலுவையைத் தூக்கினான், விழுந்தான், எழுந்தான். சிலுவையிலிருந்து இறக்கி ஜெர்சி மடியில் கிடத்தினார்கள். ஜெர்சி உடம்பை விறைத்துக்கொண்டு, அவன்மேல் கை படாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

'என் அருமை மகனே' என்று கிளாரா தொடங்கினாள்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல். உடம்பு தூக்கிப்போடும் என்று எதிர்பார்த்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. அது அவள் குரல்தான். ஆனால் அந்த எட்டு வரியில் ஒரு வரியைக்கூட அவள் வீட்டில் பேசியதில்லை. கிளாராவா 'இந்நிலையில்' என்று சொல்லுவாள்? நிறுத்தும் இடம், மூச்சு விடும் இடம், 'காணவோ' என்பதைத் தாழ்த்தும் இடம் எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தது. தன் வகுப்பைத் தானே படுத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது. இதற்காக அழித்த முதல் ஒப்பாரி நினைவுக்கு வந்தது. காலையில் தின்றுவிட்டுப் போகச் சொன்ன ஒப்பாரி.

மைதானம் அழுதது. முதலில் பெண்கள் பக்கம் ஒரு விசும்பல், பிறகு பரவியது. யூனிபார்ம் போட்டவர்கள்கூட மூக்கைத் துடைத்தார்கள். போன வருஷம் மோர் குடித்துக்கொண்டே கேட்ட அதே எட்டு வரி. ஒரு எழுத்து மாறவில்லை. பேசியவள் செத்துப்போனாள் என்பது மட்டும்தான் புதிது, அதையும் கேபிளில் ஓடிய எழுத்து சொல்லிக் கொடுத்திருந்தது. பத்து வருஷமாக அவன் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த எதுவும் அங்கே வேலை செய்யவில்லை.

கடைசி வரி முடிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். சித்தப்பா ஒரு நொடி தாமதித்தால் போதும், 'இன்னாங்க' வந்துவிடும்.

வரவில்லை. ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. சுத்தமான அமைதி. அடுத்து வயலின் இசை தொடங்கியது.

நாடகம் முடிந்ததும் சிவப்புச் சாயத்தோடேயே நம்பிராஜனைத் தேடிப் போனான். அவர் கேமராக்காரனுக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். பாத்தியளா, இந்தத் தடவ ஒரு பய சிரிச்சானா? போன வருசம் மானம் போச்சுன்னு மாமா சொன்னாவ. கம்ப்யூட்டர்ல ஏத்தி, அந்தப் பேச்செல்லாம் வழிச்சு எடுத்துட்டோம்லா."

"பழைய கேசட் எங்கே?"

"அந்தக் கேசட்டுதான் இது. கோயில் செட்ல சி.டி. ஓடாதுல்லா? சுத்தம் பண்ணினத மறுபடி அதுலயே பதிஞ்சு குடுத்துட்டேன்."

கம்ப்யூட்டரில் பழையது இருக்குமா என்று கேட்டான். இடம் இல்லாமல் அன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தார் போலிருக்கிறது. ஏன் சார், அதுல ஒண்ணும் இல்லையே, ரெண்டு மூணு வார்த்தைதானே என்றார். அந்த இரண்டு மூன்று வார்த்தை என்னவென்று நினைவிருக்கிறதா என்று இருதயசாமி கேட்டான். அவர் யோசித்துப் பார்த்தார். அலை மாதிரி கோடு ஏறி இறங்குமே, அதைப் பார்த்து வெட்டினேன், காதால் கேட்கவில்லை என்றார்.

கேசட்டை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் வந்தான். குழாயடியில் ஜெர்சி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நீல முக்காடு தோளில் கிடந்தது. ஐந்து மணி வேன் பிடிக்க வேண்டும் அவளுக்கு, ஓவர்டைம் இருந்தது. அவனைக் கண்டதும் நிமிர்ந்து ஒதுங்கி வழிவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மைக்கைப் பிடித்தவள் இவள். பதினோரு மாதமாக எந்தக் கேசட்டைத் திறக்கக் காத்திருந்தானோ, அது முழுதும் கேட்ட காது இங்கே இரண்டு இருந்தது.

நேராகவே கேட்டான். அன்று ஏழாவது தடவை முடிந்ததும் உன் அக்கா ஒரு கேள்வி கேட்டாளே, நான் என்ன சொன்னேன்?

ஜெர்சி தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தாள்.

"மிகவும் நன்றாக இருந்ததுன்னு சொன்னீங்க மாமா."

அவன் அப்படிப் பேசுகிறவன்தான். ஆனால் அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. சற்று முன் மேடையில் வாயை அசைத்தது மாதிரியே இருந்தது அது. விடைத்தாளில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதைப் பத்து வருஷமாகக் கண்டுபிடித்து வருகிறவனுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை.

"நிஜத்தச் சொல்லு ஜெர்சி."

"எதுக்கு மாமா இப்ப அது?"

"சொல்லு."

வேன்காரர் ரோட்டிலிருந்து ஹாரன் அடித்தார். அவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, இவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட திரும்பி, டேப்ப நிறுத்துன்னீங்க. அப்புறம் கைக்கடிகாரத்தப் பாத்துட்டு, பேப்பர் திருத்தணும்னு கெளம்பிட்டீங்க."

"அவ?"

"சிரிச்சா. வாத்தியாருக்கு வாயில முத்து கீது, கொட்டிடும்னு சொன்னா. அப்புறம் ரெண்டு பேரும் வெளிய போயி ஐஸ் வாங்கித் துன்னோம்."

முக்காட்டை மடித்துப் பையில் திணித்துக்கொண்டாள். ரெண்டடி போய்த் திரும்பி, வூட்டுக்குப் போயி சாப்ட்டுப் போங்க, கஞ்சி கீது என்றாள். வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

இருதயசாமி குழாயைத் திறந்தான். தண்ணீர் கையில் சிவப்பாக ஓடியது. தேய்க்கத் தேய்க்க ஓடிக்கொண்டே இருந்தது. அழ வேண்டும் என்று நினைத்தான். ஊரெல்லாம் அழுது முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சார், இங்கதான் இருக்கியளா" என்று நம்பிராஜன் கேமராவோடு வந்துவிட்டார். பின்னாலேயே பிலாத்து உடையைக் கழற்றாத யாக்கோபு. கிளாராவைப் பற்றிப் புரொபசர் வாயால் இரண்டு வார்த்தை, கடைசியில் போட வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு நாடகம் போகிறது, நேரமில்லை என்றார்கள். யாக்கோபு அவன் தோளில் கை வைத்தார். கேமராக்காரன் விளக்கைப் போட்டான். மைக்கை யாரோ அவன் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

"கிளாரா நல்லாப் பண்ணினா" என்றான் இருதயசாமி. "ஏழு தடவையும் நல்லாத்தான் பண்ணினா."

வாய் தானாகச் சொன்னது. குரல் பாதியில் உடைந்தது. கண்ணில் நீர் முட்டியதை அவனே உணர்ந்தான்.

நம்பிராஜன் கையைத் தூக்கினார்.

"சார், சாரி. லாரி போயிட்டு, ஒண்ணும் விழல. இன்னொரு தடவ. கொஞ்சம் நல்ல தமிழ்ல, மறைந்த என் மனைவின்னு தொடங்குங்க. கொரல் உடையாம."

அவன் இன்னொரு தடவை சொன்னான். அதில் தாடியில் சாயம் வழிகிறதென்று துடைத்துவிட்டார்கள். மூன்றாவது தடவை தடங்கல் இல்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தெளிவாகச் சொல்லி முடித்தான். கண் காய்ந்திருந்தது.

"டேப்ப நிறுத்துப்பா" என்றார் நம்பிராஜன்.

சாயங்காலம் மூன்றாவதைத்தான் போட்டார்கள்.